சாமான் இல்லை என்னும் தீர்ப்பு

நோயாளியைப் பார்த்த வைத்தியர் கைவிரித்தால் வீட்டார் அழுவர். பழைய வாகனத்தைப் பார்த்த மெக்கானிக் கைவிரித்தால் ஒருவரும் அழுவதில்லை. "இதுக்குச் சாமான் இல்லை, ஐயா" என்று அவர் சொல்வார். உடையவர் தலையசைப்பார். அடுத்த கிழமை பழைய இரும்பு வாங்குவோர் தராசுடன் வந்து படலையில் நிற்பர். நோயாளிக்கு இரண்டாவது வைத்தியரை நாடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இயந்திரத்துக்கு அந்தச் சலுகையை நாம் கொடுப்பதில்லை.

இந்தச் "சாமான் இல்லை" என்னும் வாக்கியத்தைப் பற்றியே இன்று எழுத எண்ணினேன். இலக்கணம் படிப்பிக்கும் ஒருவனுக்கு எஞ்சினில் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். ஒரு வாக்கியத்தின் மெய்ப்பொருள் யாது என்று ஆராய்வது என் தொழில். அவ்வாறு ஆராய்ந்ததில், "சாமான் இல்லை" என்பதற்குப் பெரும்பாலும் "தேடவில்லை" என்பதே பொருள் என்று கண்டேன். கண்ட வகையைச் சொல்லுகிறேன்.

எங்கள் வளவில் மாமரத்தின் கீழ், ஒரு கொட்டிலுள், வான் ஒன்று நிற்கிறது. வான் என்றால் ஆகாயம் என்பர் நிகண்டுகாரர். யாழ்ப்பாணத்தார் ஆகாயத்தையும் வான் என்பர். ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றும் வாகனத்தையும் வான் என்பர். எங்கள் வானுக்கு அந்தப் பெயர் ஒருவகையிற் பொருந்தும்; அது காற்றினாற் குளிர்வது. 1969ஆம் ஆண்டில் ஜேர்மனியிற் செய்யப்பட்ட வொக்ஸ்வாகன் வான் அது. என் தந்தையார் அதனை ஒருவரிடமிருந்து இரண்டாங் கையாக வாங்கினார்.

இந்த வகை வானின் பிறப்பு ஒரு சிறு கதை. பென் பொன் என்னும் ஒல்லாந்து வணிகர் 1947இல் தம் குறிப்பேட்டில் ஒரு படம் கீறினார். பெட்டி போன்ற உடல், பின்புறத்தில் எஞ்சின். அந்தப் படமே வித்து. 1950இல் வொல்ஃப்ஸ்பேர்க் நகரில் வேலை தொடங்கியது. 1956இல் ஹனோவர் நகரத்துக்கு மாறியது. அதன் எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டா, றேடியேற்றரும் இல்லை. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றையொன்று நோக்கிப் படுத்திருக்கும். ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி மெல்லிய உலோக இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும். எஞ்சினாற் சுழற்றப்படும் விசிறி ஒன்று மேலிருந்து காற்றைத் தள்ள, அந்தக் காற்று இதழ்களினூடே சென்று சூட்டைக் கொண்டு கீழே போய்விடும். எங்கள் எஞ்சினின் சிலிண்டர் உள்விட்டம் 85.5 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 69 மில்லிமீற்றர், நான்கினதும் கொள்ளளவு 1584 கன சென்ரிமீற்றர்.

பிஸ்டனைப் பாடநூல்கள் முசலம் என்னும். நானும் ஒருமுறை கராஜில் முசலம் என்று சொல்லிப் பார்த்தேன். என்னிடம் முன்னொரு காலம் படித்து, இப்போது மெக்கானிக்காக இருக்கும் தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிஸ்டனைத்தானே ஐயா சொல்லுறியள்?" என்றார். அன்று முதல் நானும் பிஸ்டன் என்றே சொல்லி வருகிறேன். தொழில் செய்வோர் வாயில் வழங்கும் பெயருக்குப் பண்டிதன் தடை சொல்லுதல் தகாது.

நிற்க.

1990இல் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. பின் நடந்ததை என் வயதினர் அறிவர். ஒஸ்ரினும் மொறிசும் வொக்ஸ்வாகனும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை எழுப்புவர். சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். புகை வீதியை மூடும். ஆயினும் வண்டி ஓடும். அந்தத் திறமையை உலகம் வியந்தது. நாமும் பெருமை கொண்டோம். பெருமை கொள்ளத் தக்கதுதான்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் ஒரே வழியால் தென்மராட்சி நோக்கி நகர்ந்தது. எங்கள் வானில் என் பாட்டியாரும், நடக்க முடியாத அயலவர் நால்வரும், தந்தையாரின் ஏட்டுச்சுவடிகள் நிறைந்த இரண்டு மரப்பெட்டிகளும் இருந்தன. நாவற்குழிப் பாலத்துக்கு முன் வண்டி நகர வழியில்லை. முன்னும் பின்னும் மனிதர். மண்ணெண்ணெயில் ஊர்ந்து ஊர்ந்து எஞ்சின் கொதித்தது. தந்தையார் அதனை நிறுத்திவிட்டார். "தள்ளுங்கோ" என்றார். தள்ளினோம். மழையில், இருட்டில், யாரென்று தெரியாத பலர் தம் சுமைகளை வானின் கூரையிற் போட்டுவிட்டு எங்களோடு சேர்ந்து தள்ளினர். பாலத்தைத் தாண்டிய பின் எஞ்சின் மறுபடி எழும்பியது. பாட்டியார் சாவகச்சேரியில் இறந்தார். ஏடுகள் இன்றும் இருக்கின்றன. 1996இல் அதே வானில் ஊர் திரும்பினோம்.

2004இல் ஒரு நாள் அந்த எஞ்சின் பெரும் சத்தமிட்டு நின்றது. மறு ஆண்டு தந்தையார் காலமானார். வான் கொட்டிலுள் நின்றது. பார்த்தவர் யாவரும் ஒரே தீர்ப்பையே சொன்னார்கள்: சாமான் இல்லை.

இருபது ஆண்டுகளாக நானும் அதனை நம்பியிருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு கொட்டிலின் கூரை விழுந்தது. வீட்டில் ஆலோசனை நடந்தது. மைத்துனர், "அத்தான், உந்தப் பழசை இரும்புக்குக் குடுங்கோ" என்றார். அயலவர் ஒருவர், "ஒரு ஜப்பான் எஞ்சினைத் தூக்கிப் போட்டால் நாளைக்கே ஓடும்" என்றார். பழையவை கழிவதும் புதியவை வருவதும் குற்றமில்லை என்று நன்னூலார் சொன்னதை எடுத்துக்காட்டி, என் மாணாக்கர் ஒருவரே என்னை மடக்கப் பார்த்தார். பவணந்தியார் குற்றமில்லை என்றாரேயன்றி, எல்லாவற்றையும் கழித்துவிடுக என்று கட்டளையிட்டாரல்லர் என விடையிறுத்தேன். விடை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விடையினால் வான் ஓடாது. ஆகவே மெக்கானிக் தம்பியை அழைத்தேன்.

எஞ்சினைக் கழற்றினார். சிறுவனாய் இருந்தபோது செய்யுளைப் பதம் பிரிக்கத் தயங்கிய அந்தக் கைகள், எஞ்சினைப் பதம் பிரித்ததைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். மூன்றாம் சிலிண்டரின் புகைவால்வு தலை முறிந்து, பிஸ்டனைத் துளைத்து, சிலிண்டர் ஹெட்டையும் உடைத்திருந்தது. "எப்பவும் இந்த மூண்டாவதுதான் ஐயா முதல்ல போறது" என்றார். காரணமும் சொன்னார். அந்தக் கால எஞ்சின்களில், ஒயிலைக் குளிர்விக்கும் கருவி விசிறிக் கூட்டினுள்ளே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றுவழியில் நிற்கிறது. அதனாற் குளிர்ந்த காற்று அந்தச் சிலிண்டருக்குக் குறைவு. பிற்காலத்தில் அக்கருவியை வழியினின்று விலக்கி வைத்தார்கள். மேலும் இவ்வெஞ்சினில் ஒயில் இரண்டரை லீற்றர் மாத்திரமே உண்டு. அதுவே எண்ணெய், அதுவே பாதிக் குளிர்நீர். மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாகாது. மிஞ்சியது சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அந்த இரண்டரை லீற்றரையும் நீர்க்கச் செய்துவிடும். நீர்த்த ஒயிலிற் சுழன்ற கிராங் தேய்ந்திருந்தது.

இவையெல்லாம் போருக்குக் கொடுத்த விலை. குறை சொல்ல இடமில்லை. ஆனால் தம்பி அடுத்துக் கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. "சிலிண்டருக்குக் கீழே இருக்கிற தகடுகள் எங்கை, ஐயா?"

அந்தத் தகடுகள் மெல்லியவை, சிறியவை, பார்வைக்கு ஒன்றுக்கும் உதவாதவை. மேலிருந்து வரும் காற்று சிலிண்டரின் மேற்பக்கத்தை மாத்திரம் தொட்டுவிட்டு ஓடிவிடாதபடி, அடிப்பக்கத்து இதழ்களையும் தழுவிச் செல்லுமாறு வளைத்துவிடுவது அவற்றின் வேலை. எங்கள் எஞ்சினில் அவை இல்லை. எஞ்சின் அறையைச் சுற்றி ஓடும் றப்பர் வாரும் இல்லை. கீழே போன சூட்டுக் காற்று மறுபடி மேலேறி விசிறிக்குள் புகாதபடி காப்பது அந்த வார். எப்போதோ, எந்தக் கராஜிலோ, யாரோ அவற்றைக் கழற்றி, "இது என்னத்துக்கு" என்று எறிந்திருக்கிறார். பெற்றோல் தாராளமாய் இருந்த காலத்திலேயே எறிந்திருக்கவும் கூடும். எங்கள் எஞ்சினைக் கொன்றது மண்ணெண்ணெய் மாத்திரமன்று. "இது என்னத்துக்கு" என்ற கேள்வியுமே.

இலக்கணத்தில் இடைச்சொல் என்று ஒன்று உண்டு. பெயர்போலவும் வினைபோலவும் தனித்து நின்று பொருள் தரும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆயினும் வேற்றுமை உருபையும் உம்மையையும் நீக்கிவிட்டு ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். பெயரும் வினையும் அங்கங்கே கிடக்கும். யார் யாரை என் செய்தார் என்பது விளங்காது. எஞ்சினுக்குப் பிஸ்டன் பெயர், கிராங் வினை என்று கொண்டால், அந்தத் தகடு இடைச்சொல். நம் மாணாக்கர் இடைச்சொல்லியலைத் தட்டிக்கழிப்பதையும், நம் கராஜ்கள் தகடுகளை எறிவதையும் நான் இப்போது ஒரே குற்றமாகவே காண்கிறேன்.

இனிச் சாமான் தேடிய கதை. தேடத் தொடங்கிய பின்னர்தான், இந்த உறுப்புகளுக்கு ஓர் அதிகாரமும் இயலும் உண்டு என்று அறிந்தேன். ஒவ்வோர் உறுப்புக்கும் மும்மூன்றாய்ப் பிரித்த ஒன்பது இலக்கங்கள் உள்ளன. முதல் மூன்றும் எந்த வண்டி வகைக்கு உரியது என்பதைக் கூறும். நடுவிலுள்ள மூன்றில் முதலாவது, பெரும்பகுதியைக் கூறும்: 1 எஞ்சின், 3 கியர்ப்பெட்டி, 6 சில்லும் பிறேக்கும், 8 உடல், 9 மின்சாரம் என இவ்வாறு ஒன்பது பகுதிகள். கடைசி மூன்றும் தனி உறுப்பைக் கூறும். பின்னர்த் திருத்தம் செய்திருந்தால் ஓர் எழுத்து ஈற்றில் வரும். நடுவில் 105 என்றால் கிராங்கைச் சேர்ந்தது. 119 என்றால் குளிர்விக்கும் பகுதியைச் சேர்ந்தது. தொல்காப்பியத்தில் அதிகாரத்துக்கு ஒன்பது இயல் என்று மனனஞ் செய்தவனுக்கு இந்த ஒழுங்கைக் கற்க ஓர் இரவு போதியதாயிற்று. பெயர் தெரியாத பொருளை உலகில் எங்கும் கேட்க இயலாது. இலக்கம் தெரிந்தால் எங்கும் கேட்கலாம்.

இலக்கங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, புகையிரதம் ஏறிக் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் இறங்கினேன். வாகனச் சாமானுக்கு இலங்கையில் அதனிற் பெரிய சந்தை இல்லை. கூரை வரை எஞ்சின்களும் கதவுகளும் விளக்குகளும் அடுக்கிய கடைகள். என் கொப்பியையும் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்த கடைக்காரர் ஒருவர், பின்னறைக்குச் சென்று, தூசி படிந்த பெட்டியொன்றுடன் வந்தார். கிராங் பெயாரிங். என் கொப்பியிலுள்ள இலக்கமே பெட்டியிலும் இருந்தது. இருபது ஆண்டாய் இல்லை இல்லை என்ற சாமான் இருபது நிமிடத்தில் என் கையில் இருந்தது!

"எத்தனையாவது சைஸ் வேணும், ஐயா?" என்று அவர் கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. "அசல் சைஸ்" என்றேன். அசல் என்ற சொல்லில் எனக்கு அத்துணை மதிப்பு.

ஊருக்கு வந்ததும் தம்பி கிராங்கை அளந்தார். புதிதில் 55 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடம், முன்னரே ஒருமுறை கடையப்பட்டு 54.75 ஆகியிருந்தது. இப்போது தேய்ந்து, வட்டமும் கெட்டிருந்தமையால் இன்னொருமுறை கடைந்து 54.50 ஆக்கவேண்டும். ஆகவே வேண்டியது இரண்டாவது குறைசைஸ். நான் கொண்டுவந்த அசல் பெட்டி ஒன்றுக்கும் உதவவில்லை. கடைக்காரர் மேற் குற்றமில்லை, அவர் கேட்டார். அளக்காமற் போனவன் நான். "சாமான் இல்லை" என்பது ஒரு பிழை என்றால், "சாமான் கிடைத்துவிட்டது" என்று துள்ளுவது அதன் தம்பி. பழைய பொருளுக்கு உறவு புதுமையன்று, அசலுமன்று; அளவே உறவு.

அதன் பின்னர் நாங்கள் முறையாகத் தேடினோம். முதலில் அளந்தோம், எழுதினோம், பின்பு கேட்டோம். கனடாவிலிருக்கும் பெறாமகன், "சித்தப்பா, நம்பரையும் சைஸையும் அனுப்புங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றான். குறைசைஸ் பெயாரிங் ஜேர்மனியிலிருந்து வந்தது. பிஸ்டனும் சிலிண்டரும் பிரேசிலிலிருந்து வந்தன. இதை அறிந்தபோது வியந்தேன். ஜேர்மனியில் இந்த வகை வான் 1979இல் நின்றுவிட்டது. பிரேசிலிலோ காற்றாற் குளிரும் எஞ்சினுடனேயே 2005ஆம் ஆண்டின் இறுதி வரை செய்துவந்தார்கள். பிறந்த நாட்டில் வழக்கொழிந்த நூல் வேறொரு நாட்டிற் படிக்கப்பட்டு வாழ்ந்ததுபோல இது. நாம் ஹனோவரை நோக்கிக்கொண்டு "இல்லை" என்றிருந்தோம்.

பிஸ்டன் நான்கின் நிறையும் ஒத்திருக்கவேண்டும். 10 கிராமுக்கு மேல் வேறுபடலாகாது. எங்கள் ஊர் நகைத் தொழிலாளர் ஒருவரின் தராசில் நிறுத்தோம். பொன் நிறுத்த தட்டில் பிஸ்டனை ஏற்றியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வேறுபாடு 4 கிராம். சிலிண்டர் ஹெட்டுக்காக மறுபடி பஞ்சிகாவத்தைக்குச் சென்றோம். இம்முறை தம்பியும் வந்தார். காட்டிய முதலிரண்டிலும் வால்வு இருக்கைகளுக்கிடையே மயிரிழைபோல் வெடிப்பு. மூன்றாவது பழுதற்றது.

தகடுகள்தாம் எங்கும் கிடைக்கவில்லை. ஈற்றில் அவை எங்கள் ஊருக்கு அண்மையிலேயே அகப்பட்டன. ஒரு வளவின் மூலையில், கள்ளிப் பற்றைக்குள், வொக்ஸ்வாகன் கார் ஒன்றின் கூடு கிடந்தது. உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. காருக்கும் எங்கள் வானுக்கும் எஞ்சின் ஒரே வகை. கோழிக்கு இடையூறு செய்யாமல் அடியிற் படுத்துத் தம்பி தேடினார். தகடு இரண்டும் இருந்தன. ஒன்று முழுமையாய் இருந்தது; மற்றையதைக் கறள் தின்றுவிட்டது.

இங்கே எனக்கு ஒரு தர்மசங்கடம். இல்லாததைச் சமாளிப்பதை எதிர்த்து இத்துணை பேசியவன், ஒற்றைத் தகட்டுடன் என் செய்வது? தம்பி, தகரவேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் நல்ல தகட்டைக் கொண்டுபோனார். முதியவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஈர்க்குத் துண்டால் அளவெடுத்து, அதே தடிப்பில் இன்னொன்று செய்து தந்தார். இரண்டையும் கலந்து வைத்தால் எது பழையது என்பதைக் கறள் மாத்திரமே காட்டும்.

அப்போது எனக்குத் தெளிவாயிற்று. மூலத்தைக் கண்முன் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு எழுதினால் அது படி. மனம்போனபடி எழுதினால் அது இடைச்செருகல். இரண்டும் புதிய ஓலைதான். ஆனால் ஒன்று நூலைக் காக்கும், மற்றது கெடுக்கும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். செல்லரித்த ஏட்டைக் கண்டு "ஏடு இல்லை" என்று அவர் கைவிரிக்கவில்லை. வேறு பிரதி எங்குண்டு என்று கேட்டார்; வந்தவற்றை ஒப்பு நோக்கினார். சாமான் தேடுவது என்றால் இதுவே.

என் கருத்தை இனி ஒளிவின்றிச் சொல்லுகிறேன். மண்ணெண்ணெய்க் காலத்தில் நாம் சமாளித்தது வீரம். அன்று வழி அடைபட்டிருந்தது. அடைபட்ட வழியில் நின்றவன் கைக்கு வந்ததைக் கொண்டு உயிர் பிழைத்தான். இன்று வழி திறந்திருக்கிறது. இன்றும் பிஸ்கற் பெட்டி மட்டையை வெட்டிக் கஸ்கெற் போடுவதும், பொருந்தாத உறுப்பை அராவிப் பொருத்துவதும், பொருள் விளங்காத தகட்டை எறிவதும், "எங்கட ஆக்கள் எதையும் ஓட்டுவினம்" என்று மெச்சப்படுகின்றன. இது வீரமன்று, வீரத்தின் பெயரில் வந்த சோம்பல். இல்லாமையாற் செய்தது வேறு. இருந்தும் தேடாமை வேறு. இரண்டையும் ஒன்றென எண்ணினால், அன்று சமாளித்தவர்களின் பெருமையையும் நாமே குறைத்தவர்களாவோம்.

எதிர்வாதம் உண்டு, அதனை மறைக்கவில்லை. நான்கு மாதம் பொறுத்திருக்க என்னால் முடிந்தது, ஏனெனில் என் சீவனம் அந்த வானில் இல்லை. முச்சக்கர வண்டியோட்டி உழைக்கும் ஒருவரிடம், பிரேசிலிலிருந்து சாமான் வரும் வரை காத்திருங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. என் செலவும் சிறியதன்று. அதே பணத்துக்கு ஜப்பான் எஞ்சின் ஒன்று வாங்கியிருக்கலாம். அது பெற்றோலும் குறைவாய்க் குடித்திருக்கும். எல்லாப் பழையதும் காக்கத் தக்கதுமன்று. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்ததை மறந்துவிடலாகாது. அந்த ஐந்தாண்டும் பழைய வண்டிகளே நாட்டைச் சுமந்தன. வழி மறுபடி அடைபடாது என்று யார் உறுதி சொல்வார்? அடைபடும் நாளில், அளவறிந்தவன் கையிலுள்ள வண்டியே ஓடும்.

ஆதலாற் கராஜ் வைத்திருப்போரிடம் மூன்று வேண்டுகோள்கள். தேய்ந்த உறுப்பைப் புதியது பொருந்தும் வரை எறியாதீர்கள். அதுவே உங்கள் மூலப் பிரதி. கழற்றிய ஒவ்வொன்றின் இலக்கத்தையும் அளவையும் ஒரு கொப்பியில், தமிழில், எழுதி வையுங்கள். உங்கள் நினைவு உங்களோடு போய்விடும். விளங்காத உறுப்பைக் கண்டால் "இது என்னத்துக்கு" என்று கேளுங்கள். ஆனால் விடை கிடைத்த பின்னரே கையை ஓங்குங்கள்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எஞ்சினைப் பூட்டி முடித்தோம். கிராங்கின் முன்பின் அசைவு 0.07 மில்லிமீற்றருக்கும் 0.13 மில்லிமீற்றருக்கும் இடையில் இருக்கவேண்டும். மூன்று மெல்லிய வளையங்களைத் தெரிந்தெடுத்துப் போட்டு, 0.10 என்று தம்பி நிறுத்தினார். வால்வுகளுக்கு 0.15 இடைவெளி விட்டார். திறப்பைத் திருப்பினேன். இரண்டு முறை இருமிற்று. மூன்றாம் முறை எழும்பிற்று. இருபது ஆண்டுக்குப் பின் அந்தச் சத்தத்தைக் கேட்டு, அடுக்களையிலிருந்து என் தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை.

தம்பி அரை மணி நேரம் ஓடவிட்டு, அடியிற் படுத்து மூன்றாம் சிலிண்டர்ப் பக்கத்தை உற்றுப் பார்த்தார். "சூடு சரி, ஐயா" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டவர், படலையடியில் நின்று திரும்பினார்.

"ஐயா, அந்த அளவுக் கொப்பியை நான் ஒரு படி எடுக்கட்டோ?"

பள்ளியில் ஒருநாளும் அவர் என்னிடம் கொப்பி கேட்டதில்லை. எடுத்துக் கொடுத்தேன்.